தொப்பி கேட்காத இடது காது

மூன்றாவது முறை கூட்டைப் பிரித்து மூடிய பிறகுதான் நானே கட்டிய இந்த இயர்பட் ஜோடி ஒழுங்காகப் பாடியது. பதினோரு மாலைகள் போயின. உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் என்ற பாகம் ஒன்று செத்தது. வலது கை ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு கொப்புளம் இருக்கிறது. மொத்தச் செலவு 1,390 ரூபாய். இதில் பாதி விலைக்கு இதே மாதிரி ஒன்றை வாங்கியிருக்கலாம் என்பது எனக்கும் தெரியும்.

எல்லாம் பெரியப்பாவுக்காக ஆரம்பித்தது. வயது 74. கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகள் கோயில் கச்சேரிகளிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் மிருதங்கம் வாசித்தவர். இப்போது கைபேசியில் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதுதான் அவருடைய காலை வேலை. சிலிக்கோன் முனை வைத்த இன்-இயர் வகை அவருக்கு ஆகவே ஆகாது. காதுக்குள் தண்ணீர் போன மாதிரி அடைக்கிறது, வெற்றிலை மெல்லும் சத்தம் பாட்டை விடப் பெரிதாகக் கேட்கிறது என்பார். அவருக்கு வேண்டியது காதின் வாயிலில் சும்மா உட்காரும் தட்டையான பழைய வகை. போன ஐப்பசியில் அவருடைய பழையது ஜாக் பக்கம் அறுந்து போனது. கடைகளில் விசாரித்தால் கம்பியில்லாததைக் காட்டுகிறார்கள், இல்லையென்றால் இன்-இயரை நீட்டுகிறார்கள்.

தட்டை வகை அழிந்துவிடவில்லை. ஒலிக் கிறுக்கு பிடித்தவர்களிடம் பத்திரமாக உயிரோடு இருக்கிறது. என்னிடமே வைடோ, வீஈ மாங்க் பிளஸ், யின்க்ரோ எக்ஸ்6 என்று மூன்று உண்டு. இந்த மூன்றுக்கும் கூடு ஏறக்குறைய ஒன்றேதான். சென்ஹைசர் எம்எக்ஸ்500 என்ற பழைய மாடலின் உருவத்தைச் சீனத் தொழிற்சாலைகள் நகலெடுத்து வெறும் கூடாகவே விற்கின்றன. உள்ளே போகும் டிரைவர், அதன் முதுகில் ஒட்டிய காகிதம், வெளியே போடும் பஞ்சு உறை ஆகியவைதான் வேறுபடும். நண்பர்கள் கேட்டால், பேஸ் (கீழ் ஸ்வரங்களின் கனம்) வேண்டுமா வைடோ, குரல் வேண்டுமா மாங்க், இரண்டும் சமமாக வேண்டுமா எக்ஸ்6 என்று தர்மகர்த்தா மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு அந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். கூட்டை வாங்கி நாமே கட்டினால் என்ன என்று தோன்றியதுதான் வினை.

பொருள் சேகரம்

முன்பெல்லாம் அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன இணையக் கடையின் செயலியில் கூடு, டிரைவர், கேபிள் என்று தனித்தனியாக வரவழைக்கலாம். 2020 நவம்பரில் இந்தியாவில் அதற்குத் தடை வந்த பிறகு அந்த வழி அடைபட்டது. சென்னை போனபோது மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஏறி இறங்கினேன். 15.4 மி.மீ. டிரைவர் என்று கேட்டால் கைபேசியின் காதுப்பக்க ஸ்பீக்கரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அங்கே கிடைத்தவை ஈயக் கம்பி, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், பற்றவைக்கும் அயர்னுக்குக் கூர்மையான பிட், ஒரு சின்ன மைக் குமிழ், கைபேசித் திரை ஒட்டும் பி7000 பசை. மற்றவற்றை சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் அங்கிருந்து ஆர்டர் போட்டு, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்தார். பெட்டியில் முக்கால்வாசி சாக்லேட், மீதி என் சாமான்.

விலை விவரம்: 32 ஓம் (மின்தடை அளவு) டிரைவர் நான்கு 420 ரூபாய். கூடு இரண்டு ஜோடி 160. ஜாக்கோடு சேர்ந்த 1.2 மீட்டர் கேபிள் 180. பஞ்சு உறை பத்து ஜோடி 100. பசை 80, ஃப்ளக்ஸ் 40, ஈயம் 150, பிட் 60, மைக் குமிழ் 20. கூட்டினால் 1,210. ஒரு கேபிளைப் பாழாக்கி மறுபடி வாங்கிய 180 ரூபாயையும் சேர்த்தால் மேலே சொன்ன தொகை. 25 வாட் அயர்னும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தன.

முதல் மாலை: அளவு

மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் சேர்த்து வைத்தால் 0.3 ஓம் காட்டியது. அதைக் கழித்துவிட்டு நான்கு டிரைவர்களையும் அளந்தேன்: 31.2, 31.4, 30.9, 32.8. அட்டையில் 32 ஓம் என்று எழுதியிருந்தாலும் மல்டிமீட்டரில் ஓர் ஓம் குறைவாகக் காட்டுவது சகஜம்தான். முதல் இரண்டை ஜோடியாக எடுத்துக்கொண்டு, முதுகில் பென்சிலால் குறித்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

கேபிளோடு மல்லுக்கட்டு

இயர்போன் கேபிளுக்குள் இருப்பது சாதாரண ஒயர் அல்ல. முடி போன்ற செப்பு இழைகள், ஒவ்வொன்றுக்கும் வார்னிஷ் பூச்சு, நடுவில் நைலான் நூல். பச்சை இடது, சிவப்பு வலது, பூச்சே இல்லாத மாதிரி தோன்றும் செப்பு நிறம் எர்த். அந்தச் செப்பு நிறத்துக்கும் வார்னிஷ் உண்டு என்பது தெரியாமல் நேராக ஈயம் வைத்தேன். ஒட்டியது போல இருந்தது; அசைத்தால் விட்டது. பிறகு லைட்டரால் கொளுத்தினேன். வார்னிஷோடு சேர்ந்து செம்பும் கருகி, வளைத்ததும் ஒடிந்தது. நறுக்கி நறுக்கி வலது பக்கக் கிளை இடதை விட மூன்று சென்டிமீட்டர் குட்டையானது. 180 ரூபாய் கேபிள் போன கதை இதுதான்.

இரண்டாவது கேபிளில் பொறுமை வந்தது. அயர்ன் முனையில் மிளகு அளவு ஈயத்தை உருக்கி, இழையை ஃப்ளக்ஸில் தோய்த்து, அந்த உருண்டைக்குள் மூன்று நான்கு வினாடி முக்கினால் வார்னிஷ் புகையாகப் போய்விடுகிறது, இழை வெள்ளியாக வெளியே வருகிறது. அந்தப் புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.

சின்னதாக முடிச்சுப் போட்டு, இரண்டு டிரைவரிலும் நான்கு புள்ளிகளையும் பற்றவைத்தேன். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பற்றுகள். ஜாக்கைச் செருகிப் பாட்டும் கேட்டாகிவிட்டது. காபி குடித்துவிட்டு வந்து கூட்டை எடுத்தபோதுதான், கேபிளைக் கூட்டின் காம்பு வழியாக முதலிலேயே நுழைத்திருக்க வேண்டும் என்பது உறைத்தது. சட்டையைப் போட்ட பிறகு பனியனைத் தேடியவன் கதை.

நான்கு பற்றுகளையும் எடுத்து மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. டிரைவரின் முதுகில் இருக்கும் அந்தப் பொட்டிலிருந்து உள்ளே காயிலுக்குப் போகும் கம்பி தலைமுடியை விட மெலிது. இரண்டு வினாடிக்கு மேல் சூடு வைத்தால் அது தாங்காது. 31.4 தாங்கவில்லை. மல்டிமீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. அதன் இடத்துக்கு 30.9-ஐ எடுத்தேன். அதில் பிளஸ் பக்கம் காட்டும் சிவப்புப் புள்ளி அழிந்திருந்தது. பற்றும் இடங்கள் இரண்டும் ஒரே மாதிரிதானே என்று ஊகத்தில் வைத்தேன்.

குரல் நடுவில் இல்லை

கூட்டை மூடாமலே கேட்டேன். சத்தம் இரண்டு பக்கமும் வந்தது. ஆனால் ஏதோ சப்பென்று இருந்தது. பேஸ் இல்லை. சரி, கூடு இல்லாததால் என்று நினைத்தேன். பழைய கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டதும் பிடிபட்டது. அந்தக் காலத்துப் பதிவுகள் மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் போகும்; அதனால் பாடுபவர் நெற்றிப் பொட்டில் நின்று பாட வேண்டும். இங்கே அவர் தலைக்கு வெளியே இரண்டு பக்கமும் கரைந்துபோயிருந்தார். ஒரு பக்கம் பிளஸும் மைனஸும் மாறியிருந்தால் இப்படித்தான் கேட்கும். இதற்கென்றே சோதனை ஒலிகள் இணையத்தில் உண்டு. நம்மிடம் இத்தனை மோனோ பாட்டு இருக்கும்போது அவை எதற்கு?

எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று பார்க்க ஒரு பென்சில் செல் போதும். ஜாக்கின் நுனி இடதுக்கு, நடு வளையம் வலதுக்கு, அடிப்பகுதி எர்த். 1.5 வோல்ட் செல்லின் பிளஸை நுனிக்கும் மைனஸை எர்த்துக்கும் கண நேரம் தொடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் சவ்வைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் வெளிப்பக்கம் துள்ளும். இடது துள்ளியது, வலது உள்ளே பதுங்கியது. தொட்டது தொட்டபடி பிடித்திருக்கக் கூடாது. 31 ஓமில் 1.5 வோல்ட் என்றால் 70 மில்லிவாட்டுக்கு மேல் போகிறது, அது இந்தச் சின்னச் சவ்வுக்கு அதிகம். வலதை மாற்றிப் பற்றவைத்தேன். இந்த முறை ஒன்றரை வினாடியில் கையை எடுத்துவிட்டேன். பாடுபவர் நெற்றிக்கு வந்து சேர்ந்தார்.

மூடியது, கொடுத்தது, திரும்பி வந்தது

கேபிள் முடிச்சு ஆடக்கூடாது என்பதற்காகக் காம்புக்குள் ஹாட் க்ளூ துப்பாக்கியால் இரண்டு சொட்டு விட்டேன். முன் மூடியின் விளிம்பில் பி7000 பசை. கிளிப் போட்டு ஓர் இரவு காயவிட்டேன். நடுவில் துளையிட்ட பஞ்சு உறை மாட்டினேன். என் காதுக்கு அமிர்தமாக இருந்தது. நாமே செய்தது யார் காதுக்கும் அமிர்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய்க் கொடுத்தேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தனி ஆவர்த்தனம் முழுவதும் கேட்டார். பிறகு இடது பக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"வலந்தலை இரண்டு பக்கமும் கேட்கிறது. தொப்பி வலது காதில் மட்டும்தான் இருக்கிறது. இடது காதில் இவன் மிருதங்கத்தை மேஜை மேல் வைத்துத் தட்டுகிறான்."

வலந்தலை என்பது மிருதங்கத்தின் வலது முகம், தொப்பி இடது முகம். ரவைப் பசை அப்பி, கும்மென்று ஒலிக்க வைக்கும் பக்கம். நாற்பது வருடம் அதைத் தடவிப் பார்த்தே உட்கார்ந்தவர். ஆனாலும் 74 வயதுக் காதாயிற்றே என்று எனக்குச் சந்தேகம். இயர்பட்களை மாற்றி மாட்டச் சொன்னேன். குறை வலது காதுக்கு மாறியது. காதில் கோளாறு இல்லை. கோளாறு என் கையில்.

"உன் சந்தேகம் தீர்ந்ததா?" என்றார்.

தவறான ஊகங்கள் இரண்டு

திருச்சிக்குத் திரும்பி வந்ததும் 31.2-க்கும் 30.9-க்கும் உள்ள 0.3 ஓம் வித்தியாசத்தின் மேல் பழியைப் போட்டேன். அந்த வித்தியாசத்தால் சத்தத்தில் ஒரு மயிரிழை மாறலாமே தவிர, தொப்பி காணாமல் போகாது. யோசித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. நன்றாக இருந்த வலது பக்கக் கூட்டைப் பிரித்து, உள்ளே கொஞ்சம் பஞ்சு திணித்து, அதன் பேஸைக் குறைத்து இடதுக்குச் சமமாக்கப் பார்த்தேன். நல்ல காலைக் கட்டிவிட்டு நொண்டிக்கு ஜோடி சேர்த்த கதை. இரண்டு பக்கமும் மேஜையைத் தட்டின.

அதன் பிறகுதான் அளக்கலாம் என்ற புத்தி வந்தது. பையனின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு காது மடல் செய்தேன். குழிவு 17 மி.மீ. அகலம், அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை, துளையின் முடிவில் 20 ரூபாய் மைக். மடிக்கணினியில் ஒலியை அளந்து கோடாக வரையும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். இந்தக் களிமண் காதில் வரும் கோடு உண்மையான காதில் கேட்பதைக் காட்டாது. ஆய்வகங்களில் வைத்திருக்கும் செயற்கைக் காதுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் இடதையும் வலதையும் ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

வலது பக்கத்துப் பஞ்சை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து முறை வைத்து எடுத்து அளந்தேன். வைக்கும் விதத்தால் மட்டுமே பேஸ் இரண்டு டெசிபல் ஏறி இறங்கியது. அதையும் மீறி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடது பக்கம் ஏழு டெசிபல் குறைவு. மேலே இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. டிரைவர் பழுது என்றால் மேலேயும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். காற்றுப் போகும் வழியில்தான் ஏதோ இருக்கிறது.

முடி உலர்த்தியால் இடது கூட்டை ஒரு நிமிடம் சூடு காட்டி, விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் திறந்தேன். காம்பிலிருந்து கிளம்பிய ஹாட் க்ளூ இழை ஒன்று, சிலந்தி நூல் மாதிரி ஓடி, கூட்டின் முதுகில் இருக்கும் பிளவுகளின் மேல் பாய் விரித்துப் படுத்திருந்தது. சவ்வு முன்னும் பின்னும் ஆட, முதுகுப் பக்கத்துக் காற்று அந்தப் பிளவு வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். அதை அடைத்தால் சின்னக் கூட்டுக்குள் காற்று ஸ்பிரிங் மாதிரி இறுகி, கீழ் ஸ்வரங்களில் சவ்வை ஆட விடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டதும் அந்தப் பசை தோலாக உரிந்து வந்தது. முடிச்சுக்கு பி7000-ஐயே ஒரு துளி வைத்து மூடினேன். மறுநாள் அளந்தால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள்.

பழைய தீர்ப்பும் புதிய சோதனையும்

களிமண் காது கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? என் மூன்று பழைய இயர்பட்களையும் எடுத்து வைத்தேன். மாங்க் பிளஸ் 64 ஓம். மற்றவை 32. கைபேசியின் அதே சத்த அளவில் மாங்க் நாலு டெசிபல் தாழ்ந்து ஒலித்தது. இத்தனை வருடம் அதைக் கொஞ்சம் அடக்கமானது, குரலுக்கு ஏற்றது என்று நான் சொன்னதில் எத்தனை பங்கு அந்த நாலு டெசிபல்? கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எதுவானாலும் நம் காதுக்குச் சிறப்பாகவே கேட்கும்.

இன்னொன்று பஞ்சு உறை. வைடோவில் முழுதாக மூடிய உறை போட்டிருந்தேன், மாங்க்கில் ஒன்றும் இல்லை, எக்ஸ்6-இல் துளையிட்டது. தட்டை வகை காதை அடைப்பதில்லை. இடுக்கு வழியாகக் கசிந்து போவது முதலில் பேஸ்தான். உறை அந்த இடுக்கைக் குறைக்கிறது. நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இயர்பட்களை அல்ல, பஞ்சுகளை.

எல்லாவற்றுக்கும் புதிதாக ஒரே மாதிரி துளையிட்ட உறை போட்டு, சத்தத்தை அரை டெசிபலுக்குள் சமப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு பையனை மாட்டிவிடச் சொன்னேன். கூடு ஒரே உருவம் என்பதால் இது சாத்தியமாயிற்று. கேபிளைத் தொட்டால் தெரிந்துவிடும், ஆகவே கை இரண்டும் மடியில். பத்து முறையில் வைடோவை எட்டு முறை சரியாகச் சொன்னேன். அதன் பேஸ் உண்மையிலேயே கொஞ்சம் பருமன். மாங்க்கா எக்ஸ்6-ஆ என்பதில் பத்துக்கு ஐந்துதான் சரி. அதற்குக் காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாம். பையன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இனி யாராவது கேட்டால் என் சிபாரிசு மாறிவிட்டது. கையில் ஏற்கெனவே ஒரு தட்டை இயர்பட் இருந்தால் முதலில் நூறு ரூபாய்க்குப் பஞ்சு உறை வாங்கிப் போட்டுப் பாருங்கள். துளையிட்டது, மூடியது இரண்டும். புதிதாகத்தான் வேண்டும் என்றால் கைபேசிக்கு 32 ஓம் வகையில் எது மலிவோ அது. தவிலும் மிருதங்கமும் கேட்பவர்களுக்கு வைடோ பிடிக்கும். 64 ஓம் வாங்கினால் சத்தத்தை இரண்டு படி கூட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், கைபேசியில் 3.5 மி.மீ. துளை இல்லாமல் டைப்-சி அடாப்டர் போடுபவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பஸ்ஸில் கேட்க இந்த வகையே வேண்டாம். ஓட்டுநரின் ஹார்னும் நடத்துநரின் விசிலும் நேராக உள்ளே வரும். அவற்றுக்கு மேல் கேட்கச் சத்தத்தை ஏற்றினால் காதுதான் போகும். அங்கே இன்-இயரே சரி.

அடுத்த முறை

அயர்னைச் சூடு பண்ணுவதற்கு முன்பே கேபிளைக் காம்பில் நுழைத்து, முடிச்சும் போட்டுவிடுவேன். டிரைவர்கள் வந்த அன்றே செல் வைத்துப் பார்த்து, பிளஸ் பக்கம் நகப்பூச்சால் பொட்டு வைப்பேன். ஹாட் க்ளூ துப்பாக்கி பொம்மை ஒட்டுவதற்கு மட்டும். மூடுவதற்கு முன் ஒரு முறை, மூடிய பின் ஒரு முறை களிமண் காதில் அளப்பேன். பத்து நிமிட வேலை, அதைச் செய்யாததால் நான்கு மாலைகள் போயின. டிரைவர் நான்குக்குப் பதில் ஆறு. கேபிள் 1.5 மீட்டர், ஏனென்றால் 1.2 மீட்டர் நாற்காலியிலிருந்து ஜன்னல் விளிம்பில் வைத்த கைபேசிக்குச் சரியாக ஒரு சாண் குறைகிறது என்று பெரியப்பா அளந்தே சொன்னார்.

போன வாரம் வலது கூட்டில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு வைத்து மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேட்டார். தொப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பெரியம்மா எட்டிப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும், காலையில் சுப்ரபாதம் கேட்க என்றார். கூடு ஒரு ஜோடி மிச்சம் இருக்கிறது. டிரைவர் என்று பார்த்தால் 32.8 ஓம் ஒற்றைதான். மைத்துனர் அடுத்து வருவது சித்திரையில்.